6 டாலர் காபிக்கு 35 டாலர்: அமெரிக்க ஓவர்டிராஃப்ட் கட்டணமும் கிரெடிட் யூனியன் என்னும் மாற்றும்

தமிழ்நாட்டில் 'ஓ.டி.' (ஓவர்டிராஃப்ட்) என்றால் கேட்டு வாங்குகிற வசதி. வியாபாரி சரக்கை ஈடு காட்டுவார், சம்பளக்காரர் வைப்புநிதி ரசீதைக் காட்டுவார், வங்கி ஒரு வரம்பு வைத்துக் கொடுக்கும். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. இந்த நினைப்போடு அமெரிக்காவில் செக்கிங் கணக்கு (அன்றாட வரவுசெலவுக்கான கணக்கு) தொடங்குகிறவர், 'டெபிட் கார்டுக்கு ஓவர்டிராஃப்ட் கவரேஜ் வேண்டுமா?' என்ற கேள்விக்கு யோசிக்காமல் 'ஆம்' என்று டிக் செய்துவிடுகிறார். பாதுகாப்பு என்றுதானே சொல்கிறார்கள்!

பெயர் ஒன்று, பண்டம் வேறு. அங்கே இது வட்டிக்கு வரும் கடன் அல்ல. கணக்கில் இல்லாத பணத்தை வங்கி கொடுத்துவிட்டு, தடவைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொள்கிறது. கணக்கில் 6 டாலர் குறைந்தாலும் 600 டாலர் குறைந்தாலும் கட்டணம் ஒன்றுதான். நெடுங்காலம் பெரிய வங்கிகளில் 34, 35 டாலர் என்பதே வாடிக்கை. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் (சி.எஃப்.பி.பி.) 2014-ல் கணக்குகளை ஆராய்ந்தபோது, ஓவர்டிராஃப்ட் கட்டணம் விழுந்த டெபிட் கார்டுச் செலவுகளின் இடைநிலை மதிப்பு 24 டாலர் என்றும், பெரும்பாலோர் 3 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்றும் தெரிந்தது. 24 டாலரை 3 நாளுக்குக் கொடுத்து 34 டாலர் வாங்கினால், ஆண்டு வட்டிக்கு மாற்றிப் பார்த்தால் 17,000 சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று நாம் வைத்திருக்கும் எந்தப் பெயரும் இதற்குப் போதாது.

இந்தப் பணத்தை எல்லோரும் கட்டுவதில்லை என்பது அடுத்த செய்தி. அதே வாரியம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கணக்குகளில் 9 சதவீதம்தான் மொத்தக் கட்டணத்தில் 79 சதவீதத்தைக் கட்டியது. ஆண்டுக்குப் பத்துத் தடவைக்கு மேல் மாட்டுகிறவர்கள் அவர்கள். மற்றவர்களின் 'இலவச' செக்கிங் கணக்கு அவர்கள் தலையில்தான் நடக்கிறது.

இந்தியச் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் அபராதம் உண்டு. ஆனால் அந்த அபராதத்தால் மட்டும் இருப்பு மைனஸுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-ல் உத்தரவிட்டு, 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் கட்டணமே இருப்பைக் கீழே தள்ளும். கீழே போன இருப்பு அடுத்த கட்டணத்தைக் கூட்டிவரும்.

பணம் இருக்கும்போதே எப்படி மாட்டுகிறது

'கணக்கில் பணம் இருந்தது, கட்டணமும் விழுந்தது' என்பதுதான் அதிகம் கேட்கிற புகார். பல சமயம் அது உண்மையும்கூட. காரணம், ஒரே கணக்குக்கு இரண்டு இருப்புகள். ஏட்டில் பதிவான தொகை லெட்ஜர் இருப்பு. அதிலிருந்து, அனுமதி கொடுத்தும் இன்னும் கடைக்குப் போய்ச் சேராத செலவுகளையும், பாஸ் ஆகாத செக்கையும் கழித்தால் வருவது அவைலபிள் இருப்பு. கட்டணம் எதை வைத்துப் போடப்படும் என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்.

ஓர் உதாரணம். திங்கட்கிழமை இருப்பு 120 டாலர். மளிகைக்கு 50 டாலர் கார்டில் தேய்க்கிறீர்கள், அனுமதி கிடைக்கிறது. செவ்வாய்க்கிழமை மின்கட்டணம் 110 டாலர் தானாகக் கழிகிறது. புதன்கிழமை மளிகைக்கடையின் 50 டாலர் வந்து நிற்கும்போது கணக்கில் 10 டாலர்தான். லெட்ஜரைப் பார்க்கிற வங்கி, மளிகைச் செலவுக்குக் கட்டணம் போடும். வாங்கிய நிமிடத்தில் பணம் இருந்ததே என்பது அதற்குப் பொருட்டில்லை. அவைலபிள் இருப்பைப் பார்க்கிற வங்கி, செவ்வாய்க்கிழமையே மின்கட்டணத்துக்குப் போடும். சிலது இரண்டுக்கும் போட்டன. 'அனுமதிக்கும்போது பிளஸ், பதியும்போது மைனஸ்' என்று வங்கித்துறையே பெயர் வைத்திருக்கும் இந்த வகைக் கட்டணத்துக்காக ரீஜன்ஸ் வங்கி 2022-ல் 14.1 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்கவும் 5 கோடி டாலர் அபராதம் கட்டவும் நேர்ந்தது.

பெட்ரோல் பங்கிலும் இதுதான் சிக்கல். எவ்வளவு நிரப்புவீர்கள் என்று பம்புக்குத் தெரியாது. முன்கூட்டியே ஒரு தொகையை நிறுத்திவைக்கும். அது 1 டாலராகவும் இருக்கலாம், 175 டாலராகவும் இருக்கலாம். 30 டாலருக்குப் போட்டுவிட்டு வந்தாலும் நிறுத்திவைத்தது விடுபடும்வரை அவைலபிள் இருப்பு அடிவாங்கியே கிடக்கும். உணவகத்தில் நேர்மாறு: 40 டாலருக்கு அனுமதி வாங்குவார்கள், டிப்ஸ் சேர்த்து 48 டாலராகப் பதியும். குறைந்த இருப்போடு ஓடுகிற கணக்குக்கு இந்த 8 டாலர் போதும்.

செக் போட்டவருக்கு வேறொரு பள்ளம். போட்ட செக்கில் முதல் 275 டாலரை அடுத்த வேலைநாளில் தர வேண்டும் என்பது பொதுவிதி (2025 ஜூலைக்கு முன் 225). மீதிக்குப் பெரும்பாலும் இரண்டு வேலைநாள். புதுக் கணக்குக்கும் பெரிய தொகைக்கும் இன்னும் நீளும். கைப்பேசியில் படமெடுத்துப் போடுகிற செக்குக்கு வங்கி தனக்கென்று ஒரு கெடு வைத்திருக்கும். திரையில் தொகை தெரிகிறது என்பதால் அது செலவுக்கு வந்துவிட்டது என்று ஆகாது.

பதிவு வரிசையும் உண்டு. 100 டாலர் இருப்பில் ஒரே நாளில் காபி 6, பஸ் 12, மதிய உணவு 15, மளிகை 40, கடைசியாகப் ஃபோன் பில் 95 என்று ஐந்து செலவு. நடந்த வரிசைப்படி கழித்தால் முதல் நான்கும் போக 27 டாலர் மிஞ்சும். ஃபோன் பில்லுக்கு மட்டும் ஒரு கட்டணம். பெரிய தொகையை முதலில் கழித்தால்? 95 போனதும் 5 டாலர்தான் மிச்சம். மளிகை, உணவு, பஸ், காபி நான்கும் மைனஸ். நான்கு கட்டணம், 140 டாலர். செலவு அதேதான். இப்படி வரிசையைத் திருப்பியதற்காக வெல்ஸ் ஃபார்கோ மீது கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி வில்லியம் ஆல்சப் 2010-ல் 20.3 கோடி டாலர் தீர்ப்பளித்தார். மேல்முறையீடுகள் 2016 வரை இழுத்தன. இதே விஷயத்துக்காக பேங்க் ஆஃப் அமெரிக்கா 2011-ல் 41 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதன்பின் பெரிய வங்கிகள் இந்தப் பழக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. சிறிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் 'பதிவு வரிசை' என்ற பத்தியை இன்றும் வாசித்துப் பார்ப்பது நல்லது.

இந்தியாவுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் தனியே கவனிக்க வேண்டியது ஒன்று. அனுப்பும் செயலி உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஏ.சி.எச். என்ற வங்கிகளுக்கிடையிலான மின்னணுப் பரிமாற்ற வலை வழியாகத் தொகையை இழுக்கிறது. அம்மாவின் கணக்கில் ரூபாய் விழுந்த செய்தி வந்த பிறகும் இங்கே டாலர் கழிய ஒன்றிரண்டு வேலைநாள் ஆகலாம். நடுவில் திரை காட்டும் இருப்பை நம்பி வாடகைச் செக் எழுதினால் மாட்டிக்கொள்வது உறுதி.

முதல் வேலை: ஒரு டிக்கை எடுப்பது

வங்கியை மாற்றுவதற்கு முன்பே செய்யக்கூடியது இது. பத்து நிமிட வேலை. 2010 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஏ.டி.எம். எடுப்புக்கும் ஒருதடவை டெபிட் கார்டுச் செலவுக்கும், வாடிக்கையாளர் முன்கூட்டியே சம்மதிக்காவிட்டால் ஓவர்டிராஃப்ட் கட்டணம் போடவே முடியாது. சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வங்கிச் செயலியில் கணக்கு அமைப்புகளுக்குள் 'ஓவர்டிராஃப்ட்' என்ற தலைப்பில் இருக்கும். இல்லாவிட்டால் ஃபோனிலோ கிளையிலோ சொல்லலாம். கூட்டுக் கணக்கில் யாராவது ஒருவர் சம்மதித்திருந்தால் அது இருவரையும் கட்டும். ஒருவர் வேண்டாம் என்றால் அதுவும் இருவருக்கும்தான். எனவே தம்பதியில் இருவரும் பேசிக்கொண்டு செய்யுங்கள்.

டிக்கை எடுத்தால், பணம் இல்லாதபோது கார்டு மறுக்கப்படும், கட்டணம் இல்லை. கடையில் நாலு பேர் முன்னால் மறுக்கப்படுவது சங்கடம்தான். அந்தச் சங்கடத்தின் விலை 35 டாலர் என்று வங்கிகள் கண்டுபிடித்து வைத்திருந்தன. இதில் அதிகம் பேர் அறியாத லாபம் ஒன்று உண்டு: மேலே சொன்ன மளிகைக்கடை உதாரணத்தில், அனுமதி கிடைத்தபின் இருப்பு குறைந்து மைனஸில் பதிந்தாலும், சம்மதம் இல்லாதவருக்கு அந்த 50 டாலர் செலவுக்குக் கட்டணம் போடக் கூடாது.

இந்த விதிக்குள் வராதவை நான்கு: காகிதச் செக், ஏ.சி.எச். கழிவுகள், வங்கித் தளத்தின் பில் கட்டணம், மாதாமாதம் கார்டில் தானாகக் கழியும் சந்தா. ஜிம், ஓ.டி.டி., காப்பீடு எல்லாம் இந்தக் கடைசி வகை. டிக்கை எடுத்தும் கட்டணம் விழுந்தது என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள். இவற்றுக்கு வழி மூன்று.

சேமிப்புக் கணக்கை இணைத்து, குறையும்போது அங்கிருந்து தானாக மாற்றச் சொல்வது முதல் வழி. முன்பு இதற்கே 10, 12 டாலர் வாங்கினார்கள். இப்போது பல இடங்களில் இலவசம். இரண்டாவது, முறையாக விண்ணப்பித்துப் பெறும் ஓவர்டிராஃப்ட் கடன் வரம்பு. இதுதான் நம் ஊர் ஓ.டி.க்கு நெருங்கிய பண்டம். 18 சதவீத வட்டியில் 100 டாலரை 3 நாள் வைத்திருந்தால் வட்டி 15 சென்ட். பக்கத்திலேயே 35 டாலர் கட்டணத்தையும் வைத்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் கிரெடிட் ஸ்கோர் பார்ப்பார்கள் என்பதால் புதிதாக வந்தவர்களுக்கு உடனே கிடைக்காது. மூன்றாவது, பணமில்லாவிட்டால் செக்கையும் ஏ.சி.எச்.சையும் திருப்பியனுப்பச் சொல்வது. இதில் கவனம் வேண்டும்: திரும்பிய வாடகைச் செக்குக்கு வீட்டுக்காரர் தாமதக் கட்டணம் போடுவார், சில நிறுவனங்கள் திருப்பியனுப்பியதற்கே தனிக் கட்டணம் வாங்கும், திரும்பிய ஏ.சி.எச்.சை வணிகர் இன்னும் இரண்டு தடவை அனுப்பிப் பார்க்கலாம், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் போட்ட கதையும் உண்டு.

தெரிந்த ஒரு தானியங்கிக் கழிவை நிறுத்த வேண்டுமென்றால், அது வருவதற்குக் குறைந்தது 3 வேலைநாள் முன்பு வங்கிக்குச் சொன்னால் போதும், வாய்மொழியாகவும் சொல்லலாம். எழுத்திலும் வேண்டும் என்று வங்கி கேட்டால் 14 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். நிறுத்துவதற்கும் பல வங்கிகள் கட்டணம் வாங்கும் என்பதால் முதலில் நிறுவனத்திடமே ரத்து செய்யப் பாருங்கள்.

விழுந்த கட்டணத்தைத் திரும்பக் கேட்பது

கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் கொடுக்கமாட்டார்கள். ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டைத் திருப்பித்தர வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கே அதிகாரம் இருக்கும். ஸ்டேட்மெண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தச் செலவுக்கு இந்தக் கட்டணம்? அந்தச் செலவு அனுமதிக்கப்பட்ட தேதி என்ன, பதிந்த தேதி என்ன? எந்த இருப்பை வைத்துக் கணக்கிட்டீர்கள்? அனுமதித்த நாளில் பணம் இருந்திருந்தால் அந்த வாதத்தை முதலில் வையுங்கள். அந்த மாதமும் அந்த ஆண்டும் மொத்தம் எவ்வளவு கட்டணம் போயிற்று என்பதை ஸ்டேட்மெண்ட்டிலேயே தனிக் கட்டத்தில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். வங்கியை மாற்றலாமா என்று முடிவு செய்ய அந்த ஆண்டு மொத்தத்தைவிட நல்ல எண் வேறில்லை.

மறுத்தால் சி.எஃப்.பி.பி. இணையதளத்தில் புகார் பதியலாம். கூட்டாட்சி உரிமத்தில் இயங்கும் 'தேசிய வங்கி' என்றால் ஓ.சி.சி. என்ற கண்காணிப்பு அலுவலகமும் புகார் வாங்கும்.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 1,000 கோடி டாலர் சொத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஓவர்டிராஃப்ட்டுக்கு 5 டாலர் அல்லது தங்கள் அசல் செலவு அளவுக்குத்தான் வாங்கலாம், அதிகம் வாங்கினால் அதைக் கடன் என்று ஒப்புக்கொண்டு வட்டிவிகிதம் காட்ட வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி வந்தது. 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வர வேண்டியது. அதற்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதை ரத்து செய்தன. 2025 மே மாதம் அதிபர் கையெழுத்திட, விதி பிறக்காமலே போயிற்று.

ஆனால் போட்டியும் நெருக்கடியும் சேர்ந்து வேறொரு மாற்றத்தை ஏற்கெனவே கொண்டுவந்திருந்தன. ஆலி வங்கி 2021-லும், கேப்பிட்டல் ஒன், சிட்டி ஆகியவை 2022-லும் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தையே எடுத்துவிட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா 35 டாலரை 10 ஆக்கியது. சேஸ் வங்கி கட்டணத்தை வைத்துக்கொண்டு, 50 டாலர் வரை குறைந்தால் விலக்கு என்றது. 2019-ல் ஆண்டுக்கு 1,500 கோடி டாலருக்கு மேல் இருந்த இந்த வருமானம் 2023-க்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆகவே 'வங்கி என்றால் 35 டாலர், கிரெடிட் யூனியன் என்றால் இலவசம்' என்ற பழைய கணக்கு இன்று செல்லாது.

கிரெடிட் யூனியன் யாருடைய கடை

பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நம் ஊரில் சேர்ந்திருக்கும் 'பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்' தெரியுமல்லவா, அதன் அமெரிக்கத் தம்பிதான் கிரெடிட் யூனியன். தம்பி என்பது ஒப்புக்குச் சொன்னதல்ல. ஜெர்மனியின் ராய்ஃபைசன் கிராமக் கடன் சங்க முறையை இந்தியாவுக்குப் பரிந்துரைத்தவர் மதராஸ் மாகாண அதிகாரி ஃபிரெட்ரிக் நிக்கல்சன்; அவரது அறிக்கை 1890களின் நடுவில் வந்தது, கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-ல். பாஸ்டன் துணிக்கடை முதலாளி எட்வர்ட் ஃபைலீன் 1907-ல் இந்தியப் பயணத்தில் இத்தகைய சங்கங்களைப் பார்த்தார். ஊர் திரும்பி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 1909 கிரெடிட் யூனியன் சட்டத்துக்குத் துணைநின்றார். நாடு முழுமைக்குமான சட்டம் 1934-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்தது.

அமைப்பு எளிது. பணம் போடுகிறவர் வாடிக்கையாளர் அல்ல, பங்குதாரர். 5 டாலர் பங்கு வாங்கினால் உறுப்பினர். 5 லட்சம் போட்டவருக்கும் 5 டாலர் போட்டவருக்கும் நிர்வாகக் குழுத் தேர்தலில் ஒரே ஓட்டு. சேமிப்புக்குத் தருவதை வட்டி என்று சொல்லாமல் டிவிடெண்ட் என்பார்கள். ஆனால் வருமான வரிக்கு அது வட்டிதான், வட்டிக்கான 1099 படிவமே வரும். வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் எஃப்.டி.ஐ.சி. போல இங்கே என்.சி.யு.ஏ. என்ற கூட்டாட்சி அமைப்பின் காப்பீடு, ஒரு பெயருக்கு 2,50,000 டாலர் வரை. மாநிலச் சட்டத்தில் இயங்கும் சில சங்கங்கள் தனியார் காப்பீட்டில் இருக்கின்றன. வாசலிலோ இணையதளத்திலோ என்.சி.யு.ஏ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

யார் வேண்டுமானாலும் எந்தச் சங்கத்திலும் சேர முடியாது. ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள், ஒரு மாவட்டத்தில் குடியிருப்பவர்கள், ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் என்று எல்லை உண்டு. சியாட்டில் பக்கத்து பி.இ.சி.யு. 1935-ல் போயிங் ஊழியர்களுக்காகத் தொடங்கியது. நேவி ஃபெடரல் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். பென்ஃபெட் இன்று எல்லோருக்கும் திறந்திருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் உறுப்பினர் என்றால் பெரும்பாலும் மற்றவர்களும் சேரலாம். மாணவர் விசாவில் வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகச் சங்கம்தான் எளிய வாசல். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் பாஸ்போர்ட்டும் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவமும் வைத்துத் திறப்பார்களா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கேயும் இதே கட்டணம், வேறு பெயரில்

கிரெடிட் யூனியன்களில் ஓவர்டிராஃப்ட்டுக்கு 'கர்ட்டசி பே' என்று பெயர். மரியாதைக்குச் செய்வதாம். அந்த மரியாதை பல சங்கங்களில் தடவைக்கு 25 முதல் 30 டாலர்.

லாப நோக்கமில்லாதவர்கள் ஏன் வாங்குகிறார்கள்? வங்கி புதுப் பங்கு விற்று மூலதனம் திரட்டலாம். கிரெடிட் யூனியன் அப்படிச் செய்ய முடியாது. மிஞ்சுகிற வருமானத்தைச் சேர்த்துவைத்துத்தான் நிகர மதிப்பை வளர்க்க வேண்டும். அது மொத்தச் சொத்தில் 7 சதவீதம் இருந்தால்தான் கண்காணிப்பாளர் 'நல்ல நிலை' என்று சொல்வார். கடன் வட்டிக்கோ உச்சவரம்பு இருக்கிறது: கூட்டாட்சிச் சட்டத்தில் 15 சதவீதம், என்.சி.யு.ஏ. வாரியம் 1987 முதல் அதை 18 ஆக நீட்டித்து வருகிறது. ஆனால் ஓவர்டிராஃப்ட் கட்டணம் அந்த வரம்புக்குள் வராது. காகிதச் செக் காலத்தில், 1969-ல், கடன் வெளிப்படைத்தன்மை விதி எழுதியபோது, எப்போதாவது ஒரு செக்கைத் தயவாகப் பாஸ் செய்வதற்கு வாங்கும் சிறு தொகை வட்டி ஆகாது என்று விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கின் நிழலில்தான் 18 சதவீத வரம்புள்ள ஒரு கூட்டுறவு நிறுவனம் ஆயிரக்கணக்கான சதவீதத்துக்குச் சமமான கட்டணத்தைச் சட்டப்படி வாங்குகிறது.

உறுப்பினர் எண்ணிக்கையில் நாட்டிலேயே பெரிய கிரெடிட் யூனியனான நேவி ஃபெடரல், வாங்கும்போது பணம் இருந்தும் பதியும்போது கட்டணம் போட்டதற்காக 2024 நவம்பரில் 8 கோடி டாலர் திருப்பித்தரவும் 1.5 கோடி டாலர் அபராதம் கட்டவும் சி.எஃப்.பி.பி.யிடம் உத்தரவு வாங்கியது. அதன் கட்டணம் 20 டாலர்தான், பல வங்கிகளைவிடக் குறைவு. இயந்திரம் என்னவோ அதேதான். ஆட்சி மாறியபின் 2025-ல் அந்த உத்தரவையே சி.எஃப்.பி.பி. விலக்கிக்கொண்டது. மறுபக்கம், சிகாகோவின் அலையன்ட் கிரெடிட் யூனியன் 2022-ல் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தை அடியோடு நிறுத்தியது.

பின் எதற்குப் போக வேண்டும்? கட்டணம் இல்லாததற்காக அல்ல, கட்டணத்துக்குப் பதிலாக அங்கே கிடைக்கிற கடனுக்காக. ஓவர்டிராஃப்ட் என்பது கணக்குப் பிழையால் வருவது பாதி. சம்பளத்துக்கு நான்கு நாள் முன்பே பணம் தீர்ந்துபோவது மீதிப் பாதி. முதல் பாதிக்கு அந்த டிக்கை எடுத்தால் போதும். இரண்டாம் பாதிக்கு மலிவான சிறுகடன் வேண்டும், பெரிய வங்கிகள் சிறுகடனில் நெடுங்காலம் அக்கறை காட்டவில்லை. கூட்டாட்சி கிரெடிட் யூனியன்களுக்கு 2010-ல் என்.சி.யு.ஏ. வகுத்த திட்டம், வட்டிக்கடைகளுக்கு மாற்றான சம்பள முன்கடன். சுருக்கப்பெயர் 'பால்'. முதல் வகையில் 200 முதல் 1,000 டாலர், 1 முதல் 6 மாதம், உறுப்பினராகி ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும். 2019-ல் வந்த இரண்டாம் வகையில் 2,000 டாலர் வரை, 12 மாதம் வரை, காத்திருப்பு இல்லை. வட்டி உச்சம் 28 சதவீதம், விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மிகக் கூடாது, கடனைப் புதுப்பித்துப் புதுப்பித்து நீட்ட முடியாது.

500 டாலரை 28 சதவீதத்தில் 6 மாதத் தவணையில் வாங்கினால் மாதம் 90 டாலர் சொச்சம். வட்டி சுமார் 42 டாலர், விண்ணப்பக் கட்டணம் சேர்த்து 62. 35 டாலர் ஓவர்டிராஃப்ட் கட்டணம் இரண்டைவிடக் குறைவு. ஆனால் எல்லாச் சங்கமும் 'பால்' கொடுப்பதில்லை. சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். இரண்டாவது, 18 சதவீத ஓவர்டிராஃப்ட் கடன் வரம்புக்குக் குறைந்தபட்ச ஸ்கோர் எவ்வளவு என்பது.

மற்றவற்றை இணையதளத்தின் கட்டணப் பட்டியலில் நீங்களே பார்க்கலாம். கர்ட்டசி பே தடவைக்கு எவ்வளவு, நாளுக்கு எத்தனை தடவை வரை, எத்தனை டாலர் குறைந்தால் விலக்கு, மைனஸிலேயே கிடந்தால் தினக்கட்டணம் உண்டா, திருப்பியனுப்பிய ஏ.சி.எச்.சுக்குக் கட்டணமா. சின்னச் சங்கம் என்றால் கிளை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பகிர்வுக் கிளை வலையமைப்பிலும் (மற்றச் சங்கங்களின் கிளைகளையும் பயன்படுத்தும் வசதி) கட்டணமில்லா ஏ.டி.எம். வலையமைப்பிலும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுக்கு வயர் (வங்கிக்கு வங்கி நேரடிப் பரிமாற்றம்) அனுப்பும் வசதி பல சங்கங்களில் கிடையாது. ஊரில் வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஒப்பந்தத்தில் மறைந்திருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கிரெடிட் யூனியனில் கார்க் கடன் வாங்கினால், அதே கார் உங்கள் கிரெடிட் கார்டு பாக்கிக்கும் ஈடாகும் என்ற விதி பல சங்கங்களில் இருக்கிறது. கார்க் கடனை முழுக்க அடைத்தாலும், கார்டு பாக்கி இருக்கும்வரை வண்டியின் டைட்டிலை (உரிமைச் சான்றை) தரமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே சங்கத்தில் வைக்காமல் இருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கட்டணம் மட்டும்தான் பிரச்சினை, கடன் தேவையில்லை என்பவர் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எளிய, குறைந்த கட்டணக் கணக்குகளுக்கான 'பேங்க் ஆன்' சான்று பெற்ற கணக்குகளில் ஓவர்டிராஃப்ட் என்பதே கிடையாது. மாதக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலர் அல்லது அதற்கும் குறைவு. சேஸ், பேங்க் ஆஃப் அமெரிக்கா, வெல்ஸ் ஃபார்கோ மூன்றிலும் இந்த வகை உண்டு.

மாறும்போது வரும் கடைசிக் கட்டணம்

கணக்கை மாற்றுகிற மாதத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். பழைய கணக்கைக் காலி செய்துவிட்டுப் புதியதற்குப் போவது தவறான வரிசை. முதலில் புதுக் கணக்கைத் திறந்து, கர்ட்டசி பே வேண்டாம் என்று அப்போதே எழுதிக்கொடுங்கள். பிறகு பழைய கணக்கின் 12 மாத ஸ்டேட்மெண்ட்டை எடுத்து, தானாகக் கழிகிறவற்றைப் பட்டியலிடுங்கள். மூன்று மாதம் மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீடும் உறுப்பினர் சந்தாவும் தப்பிவிடும். சம்பளத்தைத் திருப்ப, புதுச் சங்கத்தை அடையாளம் காட்டும் 9 இலக்க ரவுட்டிங் எண்ணும் கணக்கு எண்ணும் வேண்டும். கார்டில் அச்சிட்டிருப்பது கணக்கு எண் அல்ல. உறுப்பினர் எண்ணும் பெரும்பாலும் அல்ல, ஏ.சி.எச்.சுக்கென்று தனி நீள எண் இருக்கும். இதைத் தப்பாகக் கொடுத்துச் சம்பளம் திரும்பிப்போவது வாடிக்கையாக நடக்கும் தவறு. முதல் சம்பளம் புதுக் கணக்கில் விழுந்தபின் ஒவ்வொரு கழிவாக மாற்றி, பழையதில் 200, 300 டாலரை இரண்டு மாதம் விட்டுவையுங்கள்.

பழைய கணக்கு மைனஸில் இருந்தால் முதலில் அதை அடையுங்கள், பேசிக் குறைத்தாவது. கைவிட்டுப் போனால் வங்கி அதை வாராக்கடனாக எழுதி, செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற பதிவகத்துக்குச் சொல்லும். அந்தப் பதிவு 5 ஆண்டு நிற்கும். புதுக் கணக்குத் திறக்கும்போது வங்கியும் கிரெடிட் யூனியனும் பார்ப்பது அதைத்தான். உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று 12 மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

மூடும்போது, திறந்து 90 நாளோ 180 நாளோ ஆகாத கணக்கு என்றால் சில வங்கிகள் சீக்கிரம் மூடும் கட்டணம் வாங்கும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'இந்தக் கணக்கை மூடுங்கள், இனி வரும் எந்தக் கழிவையும் ஏற்க வேண்டாம்' என்று எழுத்தில் கொடுத்து, மூடியதற்கான உறுதிக் கடிதத்தை வாங்கி வையுங்கள். மறந்துபோன ஒரு ஜிம் சந்தா வந்து தட்டினால் மூடிய கணக்கைத் தானாகத் திறந்து, அதை மைனஸில் நிறுத்தி, மேலே ஓவர்டிராஃப்ட் கட்டணமும் போட்ட வங்கிகள் உண்டு. அப்போது வாதாட உங்களிடம் இருப்பது அந்தக் கடிதம்தான்.